தந்தையின் கடம், மகனின் கஞ்சிரா

'சக்தி' இசைக்குழுவின் கதையை உலகம் பெரும்பாலும் நியூயோர்க்கில் இருந்துதான் தொடங்கும். ஜோன் மக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞரும் பம்பாயில் பிறந்த ஜாகிர் ஹுசைன் என்ற தபேலாக் கலைஞரும் சேர்ந்தார்கள், கிழக்கும் மேற்கும் கைகோத்தன என்று சொல்வார்கள். மன்னாரில் இருந்து கேட்கிறவர்கள் அதை வேறோர் இடத்தில் இருந்து தொடங்கலாம். பழைய போட் மெயில் ரயில் ஓடிய பாதையை வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டு வாருங்கள். முதலில் கடத்துக்குப் பேர்போன மானாமதுரை. அடுத்து இராமநாதபுரம். சக்தியின் முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்த வி. ராகவனின் பெயருக்கு முன்னால் நிற்பது அந்த ஊர்தான். பிறகு பாம்பன், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார் இறங்குதுறை. அங்கிருந்து மதவாச்சிச் சந்திக்குப் போய் வடக்கே திரும்பினால் யாழ்ப்பாணம். வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் எல். சங்கர் சிறுவயதில் அங்கேதான் வில்லைப் பிடித்தார்.

1958 இனக்கலவரத்தோடு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையும் அதன் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாதை அறுந்து பதினோராவது ஆண்டில், 1975 ஜூலையில், அமெரிக்காவின் லோங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் இராமநாதபுரத்து ராகவனும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கரும் அருகருகே உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரிதான் சக்தியின் முதல் இசைத்தட்டு. இது நம் கடற்கரைக்கும் கொஞ்சம் சொந்தமான இசை. அந்த உரிமையோடு, அதே குழு 2023 ஜூன் 30இல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' என்ற அல்பத்தின் நயங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆள் மாறியதும் ஓசை மாறியதும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டுவதில் இதற்கு இணையான அல்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பழைய ஓசையைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜோன் மக்லாஃப்லின் அதற்கு முன் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-றொக் குழுவை நடத்தியவர். இரட்டைக் கழுத்து மின்சாரக் கிற்றாரும் காது அதிரும் சத்தமுமாக உலகம் சுற்றியவர். அவர் அந்தச் சத்தத்தை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது 1970களின் றொக் ரசிகர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற மனிதர் அவர். கிற்றாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகள் கமகத்துக்கு வழிவிடாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் கட்டைக்கும் கட்டைக்கும் இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய ஒரு கிற்றாரைச் செய்வித்தார். தந்தியைப் பள்ளத்துக்குள் அழுத்தினால் ஸ்வரம் வளைந்து கொடுக்கும். ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு ஒத்ததிர்வுத் தந்திகளும் உண்டு. அவற்றைத் தட்டினால் தம்புராவும் சித்தாரும் கலந்த ஒரு மெல்லிய ரீங்காரம் எழும்.

அந்தக் கிற்றாருக்கு ஒரு குறை இருந்தது. மின்சாரம் இல்லாத கிற்றாரில் தந்தியை மீட்டிய ஸ்வரம் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். வயலின் வில்லோ ஒரு ஸ்வரத்தை நினைத்த வரைக்கும் இழுத்து நிறுத்தும். செத்துப்போகும் ஸ்வரத்தை வைத்துக்கொண்டு சங்கரின் வயலினுக்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் ஒரே வழிதான்: ஒன்று சாகுமுன் அடுத்ததை மீட்ட வேண்டும். பழைய சக்தியின் அந்தப் பேர்பெற்ற வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முதல் இசைத்தட்டின் 'ஜோய்' பதினெட்டு நிமிடம் ஓடுகிறது. கிற்றாரும் வயலினும் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. அடுத்து வரும் 'லோட்டஸ் ஃபீட்' ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அங்கே வேகத்தை விட்டுவிட்டு ஒரே மெட்டை மெல்ல மெல்ல வருடுகிறார்கள். மூச்சிரைக்க ஓடியவர்கள்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதனாலேயே அந்த ஐந்து நிமிடம் இனிக்கிறது.

ஆள் மாற்றம் அந்தக் குழுவில் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. முதல் இசைத்தட்டோடு ராகவன் விலகினார். அவர் இடத்தில் இன்னொரு மிருதங்கத்தைத் தேடவில்லை. நால்வராகவே 'எ ஹேண்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி', 1977இல் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்று இரண்டு இசைத்தட்டுகளை ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தார்கள். மிருதங்கம் போனதும் டி.எச். விநாயக்ராமின் கடம் முன்னுக்கு வந்தது. அதுவரை தனி ஆவர்த்தனத்தில் மட்டும் தலைகாட்டும் பக்கவாத்தியம் என்று பலர் நினைத்திருந்த மண்பானை, உலக மேடையில் முழுப் பாட்டையும் தாங்கும் தூணாயிற்று. பிறகு குழு கலைந்தது. 1990களின் பிற்பகுதியில் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் திரும்பி வந்தபோது சங்கரின் வயலின் இல்லை; விரைவில் யு. ஸ்ரீனிவாஸின் மேண்டலின் வந்தது. விநாயக்ராமின் கடம் இருந்த இடத்தில் சில காலத்தில் அவருடைய மகன் வி. செல்வகணேஷின் கஞ்சிரா வந்து உட்கார்ந்தது. சங்கர் மகாதேவனின் குரலும் சேர்ந்தது. 2014 செப்டம்பரில் ஸ்ரீனிவாஸ் தமது 45ஆவது வயதில் காலமானார். 'திஸ் மொமென்ட்' வரும்போது அந்த இடத்தில் கணேஷ் ராஜகோபாலனின் வயலின் நிற்கிறது. கணேஷ்-குமரேஷ் என்று நாம் அறிந்த இரட்டையரில் ஒருவர் அவர். நடுவில் வந்தவை எல்லாம் மேடைப் பதிவுகள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்று சக்தி செய்த அல்பம், 46 ஆண்டுகளுக்குப் பிறகு, இதுதான்.

எட்டுப் பாடல்கள். முதலாவது 'ஷ்ரினிஸ் ட்ரீம்', மறைந்த ஸ்ரீனிவாஸின் நினைவாக. அஞ்சலி என்றதும் நாம் எதிர்பார்க்கும் சோக ராகம் இல்லை. குரலும் வயலினும் கிற்றாரும் ஒரே வரியைச் சேர்ந்து பிடித்துப் பாய்கின்றன. மேண்டலினைக் கையில் எடுத்தால் சிரித்துக்கொண்டே மின்னலாக வாசித்த மனிதருக்கு இதுதான் பொருத்தமான வணக்கம். அந்த மூன்று ஓசையும் ஒட்டும் இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். குரலுக்கு மெய்யெழுத்து உண்டு. 'த' என்றும் 'ரி' என்றும் நாக்குத் தட்டும் அந்தச் சின்னக் கூர்மை கிற்றாரின் மீட்டோடு போய் ஒட்டுகிறது. குரலின் உயிரெழுத்து நீளும் பகுதி வயலின் வில்லோடு ஒட்டுகிறது. ஸ்வரத்தின் தலையைக் கிற்றாரும் வாலை வயலினும் வாங்கிக்கொள்ள, நடுவில் குரல் இரண்டையும் கட்டிப் பிடித்திருக்கிறது. 1975இல் பாடகர் என்று தனியே ஒருவர் இல்லாதபோது இந்தப் பசை இல்லை. அன்று கிற்றாரும் வயலினும் எதிரெதிரே நின்றன. இன்று குரலின் இரு பக்கமும் நிற்கின்றன.

கிற்றாரே மாறிவிட்டது. பள்ளம் குடைந்த பழைய மரக் கிற்றாரின் இடத்தில் மின்சாரக் கிற்றார். பல இடங்களில் அதன் ஓசை சின்தசைசர் வழியாக வருகிறது. பழைய சக்தியின் காதலர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்ததும் உண்டு. எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. சின்தசைசர் ஸ்வரத்தைச் சாக விடாது. புல்லாங்குழல் மூச்சுப் போல அதை நீட்டி நிறுத்தலாம். நீட்டி நிறுத்த முடிந்ததும் மக்லாஃப்லின் ஸ்வரங்களைக் குறைத்துக்கொண்டார். அல்பம் வந்தபோது 81 வயதைத் தாண்டியிருந்த அந்த விரல்கள் வேகத்தை மறக்கவில்லை. அதற்கு ஆங்காங்கே அத்தாட்சி காட்டிவிட்டுத்தான் அடங்குகின்றன. ஆனால் 'கருணா'வில் அவர் ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு, அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது வயதில் அவருக்கு வாய்க்காத பொறுமை அது.

அல்பத்தின் நடுநாயகம் 'கிரிராஜ சுத'. தியாகராஜர் பிள்ளையார் மேல் செய்த பங்காள ராகக் கீர்த்தனை. பங்காளம் நேராக ஏறாத ராகம். மத்திமம், பஞ்சமம் வரை வந்தபின் திரும்பி ரிஷபம் வரை இறங்கும். மறுபடி பஞ்சமத்தைத் தொட்டு, அங்கிருந்து ஒரே தாவாக மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும். தைவதம் கிடையாது. எதிர்க்காற்றில் பாய்த்தோணி வளைந்து வளைந்து கரையைப் பிடிப்பது போன்ற நடை. றொக்கிலும் ஜாஸிலும் வளர்ந்த விரலுக்கு இது சோதனை, ஏனென்றால் படிப்படியாக ஏறிப் பழகிய கை தைவதத்தில் தன்னையறியாமல் விழுந்துவிடும்.

இதே கீர்த்தனையை 2001இல் வெளியான 'சற்றர்டே நைட் இன் பொம்பே' என்ற மேடைப் பதிவிலும் அவர்கள் செய்திருக்கிறார்கள். பாடியவர் அன்றும் இன்றும் சங்கர் மகாதேவன்தான். 'என்ன சொல்லப் போகிறாய்' பாடித் தேசிய விருது வாங்கிய அதே குரல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆள் மாற்றம் என்றால் என்னவென்று காதுக்குப் புரியும். 2001இல் குரல் ஒரு வரியைப் பாடி முடித்ததும் மேண்டலின் அதைப் புள்ளி புள்ளியாகத் திருப்பிக் கொடுக்கிறது. மீட்டும் வாத்தியம் அப்படித்தான் கொடுக்க முடியும். அந்தப் புள்ளிகளின் நடுவே ஸ்ரீனிவாஸ் கமகத்தை நுழைத்ததுதான் வித்தை. 2023இல் வயலின் அதே வரியைக் கோடாகத் திருப்பிக் கொடுக்கிறது. குரலுக்கும் பதிலுக்கும் இடையே இருந்த விளிம்பு கரைந்துபோகிறது. எங்கே பாட்டு முடிந்தது, எங்கே வயலின் தொடங்கியது என்று சட்டென்று சொல்ல முடியாது. இரட்டையராக வாசித்தே வளர்ந்தவர் கணேஷ். தம்பியின் வில் நின்ற இடத்தில் தம் வில்லை வைத்துப் பழகிய கை, இங்கே ஒரு பாடகரின் மூச்சு நின்ற இடத்தில் வைக்கிறது. மாதோட்டப் பாங்குக் கூத்தில் பிற்பாட்டுக்காரர் வரியை வாங்கும் அழகை அறிந்தவர்கள் இந்த நயத்தை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இனித் தாளம். செல்வகணேஷை நம் ஊரில் பலருக்கு 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தின் இசையமைப்பாளராகத்தான் தெரியும். அந்தக் கை வாசிக்கும் கஞ்சிரா மிகச் சின்ன வாத்தியம். ஒரு சாண் அளவு பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், வளையத்தில் ஒரே ஒரு துளையில் சில்லறை போல் கிணுகிணுக்கும் உலோகத் தகடுகள். பழைய கஞ்சிராக்களுக்கு உடும்புத் தோல் போர்த்தியிருப்பார்கள். தோலை உள்பக்கம் தண்ணீரால் நனைத்து இளக்கினால் நாதம் அடித்தொண்டைக்கு இறங்கும். வலது கை அடிக்கும். வளையத்தைப் பிடித்திருக்கும் இடது கையின் விரல்கள் தோலின் விளிம்பை அழுத்தித் தளர்த்தி அந்த அடிநாதத்தை மேலும் கீழும் வளைக்கும். கேட்பவர் கவனிக்க வேண்டியது இந்த இடது கையைத்தான்.

கடத்துக்கு இந்த வளைவு கிடையாது. சுட்ட மண் இறுகியது. அதன் சுருதி சூளையிலேயே முடிவாகிவிட்டது. வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் கும்மென்ற ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே விநாயக்ராம் சொற்கட்டின் தெளிவிலேயே எல்லாவற்றையும் சாதித்தார். ஒவ்வொரு சொல்லும் மண்ணில் தெறித்து விழும். மகன் கையில் அதே குடும்பத்துச் சொற்கட்டு, அதே கணக்கு. ஆனால் ஓசைக்குத் தசை வந்துவிட்டது. தாத்தா ஹரிஹர சர்மா நடத்திய ஜெய கணேஷ் தாளவாத்திய வித்தியாலயத்தின் பாடம் மூன்றாம் தலைமுறையில் வேறு தோலில் பேசுகிறது. 'திஸ் மொமென்ட்' பதிவில் செல்வகணேஷ் கஞ்சிராவோடு மிருதங்கத்தையும் கடத்தையும்கூட எடுத்துக்கொள்கிறார். ராகவனின் வாத்தியமும் தந்தையின் வாத்தியமும் ஒரே தோளில். இரண்டையும் அவர் தூரத்தில், நிழலாக வைத்திருக்கிறார். முன்னால் நிற்பது கஞ்சிராதான்.

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜாகிர் ஹுசைனின் தபேலாவில் இடது கைப் பறையும் இப்படித்தான் வளையும். உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோலில் தேய்த்து அவர் எழுப்பும் 'கும்' பேசும், கெஞ்சும், சிரிக்கும். ஒரே குழுவில் வளையும் அடிநாதம் இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று மூடிவிடும். அவர்கள் அதைத் தவிர்க்கும் முறை எளியது. ஒருவர் அடிநாதத்தை வளைக்கும்போது மற்றவர் கீச்சுப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். தபேலா ஆழமாகப் பேசினால் கஞ்சிராவில் தகடுகள் மட்டும் கிணுகிணுக்கும். கஞ்சிரா முழங்கினால் தபேலாவின் வலது முகம் சுருதியில் நின்று 'தின் தின்' என்று மணி போல் சொல்லும். பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமே வரும் மரியாதை இது.

'மோகனம்' பாடலையும் 'லாஸ் பால்மாஸ்' பாடலையும் தாளத்துக்காகவே இன்னொரு முறை கேட்கலாம். மோகனத்தில் ஐந்தே ஸ்வரம். மத்திமமும் நிஷாதமும் இல்லாததால் உரசல் குறைவு, உலகில் எவர் காதும் அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். மெட்டு இவ்வளவு இலகுவாக இருப்பதால் கணக்கை இறுக்கலாம். 'லாஸ் பால்மாஸ்' ஸ்பெயினின் ஃபிளமெங்கோக் கைதட்டுப் பக்கம் போகிறது. பாக்கோ டி லூசியாவோடு பல ஆண்டுகள் வாசித்த மக்லாஃப்லினுக்கு அது பழகிய ஊர். அந்தக் கைதட்டும் தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலும் சந்திக்கும் இடத்தில் ஒரு பொதுக் குணம் புலப்படும்: இரண்டுமே வாத்தியம் இல்லாமல் உடம்பை வைத்தே தாளத்தைக் கட்டுபவை.

கொன்னக்கோல் கேட்கத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 'ததிங்கிணதொம்' என்பது ஐந்து மாத்திரை. பதினாறு மாத்திரை கொண்ட ஒரு சுற்றில் முதல் மாத்திரையைச் சும்மா விட்டுவிட்டு, இரண்டாவதில் தொடங்கி மூன்று முறை சொல்லிப் பாருங்கள். மூவைந்து பதினைந்து. சுற்று தீர்ந்து, அடுத்த அடி சரியாகச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் மாத்திரையில், விழும். நடுவில் ஐந்து ஐந்தாகப் போகும் சொற்கள் நாலு நாலாகப் போகும் தாளத்தோடு ஒட்டாமல் இழுபடும். தொலைந்துவிட்டார்களோ என்று தோன்றும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். சக்தியின் பெரிய கோர்வைகள் எல்லாம் இந்த விதையின் மரங்கள். கூத்துக்கு மத்தளம் அடிக்கிற எந்த அண்ணாவியாருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பதிவு செய்து அனுப்பிக் கோத்த அல்பம் இது. கோப்பில் பிசிறு கிடையாது. அதுதான் குறையும். 1975 மேடையில் ஒருவர் எதிர்பாராமல் ஒரு கோர்வையை எடுத்ததும் மற்றவர்கள் முகம் மலர்ந்தது ஒலியிலேயே தெரியும். இங்கே அந்தத் திடுக்கிடல் அபூர்வம். சின்தசைசர் சில இடங்களில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போட்டுவிடுகிறது. 'சாங்கே நைனோ' இனிமையாக இருக்கிறது, ஆனால் வேறு எந்தக் குழுவும் அதைச் செய்திருக்கலாம்.

2024 பெப்ரவரியில் இந்த அல்பத்துக்குச் சிறந்த உலக இசை அல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி ஜாகிர் ஹுசைன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அவர் இருந்த சக்தியின் கடைசி ஒலிப்பதிவுக் கூட அல்பம் இதுதான் என்றாகிவிட்டது.

முதல் இசைத்தட்டா இதுவா என்று கேட்டால், நெருப்புக்கு அது, நிதானத்துக்கு இது என்பேன். ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒரு வழக்கத்தை நம் இசைக்குழுக்கள் பார்க்க வேண்டும். பாடகர் விலகினால் அச்சாக அவர் குரலிலேயே பாடும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது றொக் குழுக்களிடையே உண்டு. அமெரிக்காவின் 'ஜேர்னி' 2007இல் பிலிப்பைன்ஸ் பாடகர் ஒருவரை வீடியோவில் கண்டு அப்படித்தான் சேர்த்துக்கொண்டது. சக்தி ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை. மிருதங்கம் போனபோது கடத்தை முன்னே விட்டார்கள். வயலின் போன இடத்தில் மேண்டலின், கடம் போன இடத்தில் கஞ்சிரா, மேண்டலின் போன இடத்தில் மறுபடி வேறொரு வயலின். வந்தவரின் கைக்கு ஏற்றபடி குழு தன் ஓசையை மாற்றிக்கொண்டது.

பேசாலையிலும் தலைமன்னாரிலும் திருவிழா மேடை ஏறும் தம்பிமார்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் குழுவில் இருந்து ஒருவர் வெளிநாடு போய்விட்டால், அவரைப் போலவே வாசிக்கிறவரைத் தேடி அலையாதீர்கள். ஊரில் மத்தளம் அடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிறகு உங்கள் பாட்டை மாற்றுங்கள்.